பின்சக்கரத்து எழுத்து

சிக்னலில் முன்னால் வந்து நின்ற சலவைக் கடை வேனைப் பார்த்ததும் டேப்புவுக்கு வயிறு எரிந்தது. அதில் எழுத்துகள் அவ்வளவு நேராக இருந்தன.

அடுத்தவன் ஒட்டிய எழுத்து நேராக இருந்தால் வயிறு எரியுமா என்று கேட்கலாம். அதே தொழிலில் இருப்பவனுக்கு எரியும். வண்டிகளுக்கு ஸ்டிக்கர் எழுத்து ஒட்டுவதுதான் டேப்புவின் பிழைப்பு. மணிக்கட்டில் எந்நேரமும் மாஸ்கிங் டேப் சுருளை வளையல் போல மாட்டிக்கொண்டு திரிவதால் கடைத்தெருவே அவனை அப்படித்தான் கூப்பிடும். கல்யாணப் பத்திரிகையில் போட்ட பெயர் அவனுக்கே சில சமயம் யோசித்தால்தான் ஞாபகம் வரும்.

வேனில் எழுத்தை நேராக ஒட்டுவது என்ன பெரிய வித்தை, ரசமட்டம் வைத்து ஒட்டினால் போயிற்று என்று நினைப்பவர்கள் தாராளமாக ஒரு முறை ஒட்டிப் பார்க்கலாம். வேன் ஒன்றும் சுவர் இல்லை. காலியாக நின்றால் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும், சரக்கு ஏற்றினால் உட்கார்ந்துவிடும். ஜன்னலுக்குக் கீழே ஓடும் மடிப்பு மேலே ஏறிக்கொண்டே போகும், அடித்தகட்டின் விளிம்பு அதோடு சேராமல் தன் போக்கில் போகும். ரசமட்டம் பூமியைக் கேட்டுப் பதில் சொல்லும். பார்க்கிறவன் கண்ணோ வண்டியின் கோடுகளைத்தான் கேட்கும். இது தெரியாத காலத்தில் டேப்பு ஒரு மருந்துக் கடை வேனுக்கு ரசமட்டத்தை நம்பி ஒட்டினான். குமிழி நட்ட நடுவில் நின்றது. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, எழுத்தெல்லாம் தண்ணி போட்டுட்டு வந்த மாதிரி இருக்கு?" என்றார்.

அத்தனையையும் உரித்துவிட்டு, புதிதாக வெட்டி, டேப் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவன் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். கல்யாணமான புதுசு, அப்போது வீடு வேறு தெருவில் இருந்தது. வண்டிகள் போய்க்கொண்டிருந்ததால் தெருவுக்கு அந்தப் பக்கமே நின்றவள், "பின்னாடி கொஞ்சம் தூக்குங்க" என்றாள். தூக்கினான். "இன்னும் ஒரு இழை." தூக்கினான். "அவ்வளவுதான்." மருந்துக் கடைக்காரர் மறுபடி வந்து, வாயைத் திறக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வாடிக்கையாளர் வாயைத் திறக்காமல் போவதைவிடப் பெரிய பாராட்டு இந்தத் தொழிலில் கிடையாது.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். எழுத்துப் பட்டையை மேல்விளிம்பில் டேப் போட்டுத் தொங்கவிடுவான். வீட்டுக்குள் பார்த்துக் கையைத் தட்டுவான். அவள் அடுப்படி வேலையையோ, துணி மடிப்பதையோ போட்டுவிட்டு வந்து தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பாள். வலது கை ஏறினால் பின்பக்கம் ஏற வேண்டும், இடது கை இறங்கினால் முன்பக்கம் இறங்க வேண்டும். பிறகு வீடும் கடையும் ஒன்றாகிவிட்டதால் கூப்பிடு தூரம்தான்.

அவளிடம் ஒரு வினோதமும் உண்டு. பின்சக்கரத்துக்கு மேலே வரும் எழுத்தை மட்டும் ஒரு நகக்கனம் உயர்த்தச் சொல்வாள். அளந்து பார்த்தால் கோணல். தள்ளி நின்று பார்த்தால்தான் நேர். "சக்கரத்து மேல இருக்கற வளைவு கண்ணைக் கீழ இழுக்குதுங்க. அந்த எழுத்து தொங்கற மாதிரி தெரியும்" என்பாள். இந்த ஊரில் வேறு எவனுக்கும் இது தெரியாது என்பது டேப்புவின் ரகசியப் பெருமை. யாராவது வந்து, "எப்படிங்க இவ்வளவு கச்சிதமா ஒட்டறீங்க?" என்று கேட்டால், "கண்ணுதாங்க எல்லாம்" என்பான். யார் கண் என்று அவர்களும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

இப்போது சிக்னலில் நின்ற சலவைக் கடை வேனில், பின்சக்கரத்துக்கு மேலே இருந்த எழுத்து லேசாக உயர்ந்திருந்தது.

டேப்பு தன் வேலையை மறந்து ஸ்கூட்டரில் வேனின் பின்னாலேயே போனான். அது ஒரு ஹோட்டல் வாசலில் நின்றதும் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, மடிப்புக் கோட்டிலிருந்து முதல் எழுத்துக்கு ஒரு அளவு, சக்கரத்து எழுத்துக்கு ஒரு அளவு எடுத்தான். நகக்கனம். அச்சு அசல். அழுக்குத் துணி மூட்டையோடு வந்த டிரைவர், "என்ன சார், வண்டிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றான்.

"இதை யாரு ஒட்டினது?"

"பஸ் டிப்போ பின்னாடி புதுக் கடைங்க. முன்னாடி போட்டோவுக்குச் சட்டம் போட்டுட்டிருந்தாரே, அவரு."

சகலை! மனைவியின் அக்கா புருஷன். போட்டோவுக்குச் சட்டம் போட ஆள் வராமல் போனதும், போன வருஷம்தான் ஸ்டிக்கர் வெட்டும் மெஷினை வாங்கிப் போட்டிருந்தார். அப்போது டேப்பு சிரித்தான். "சட்டம் நாலு மூலையும் நேரா இருக்கும் சகலை, வேன் அப்படி இல்ல" என்று ஆளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தான். இப்போது சிரிப்பு வரவில்லை. கல்யாண மோதிரத்தைச் சகலையின் விரலில் பார்த்திருந்தால்கூட அவன் இவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டான். மோதிரமாவது களவு போயிருக்கலாம். இந்த நகக்கனத்தை அவளே போய்க் கொடுத்திருந்தால்தான் உண்டு.

வீட்டுக்கு வந்து அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். பொறாமைக்கு ஒரு குணம், அது உடனே கேட்காது. உளவு பார்த்து வயிற்றை நிறைத்துக்கொண்ட பிறகுதான் கேட்கும். "அக்காவைப் பார்த்து ரொம்ப நாளாச்சு, போயிட்டு வர்றேங்க" என்று அவள் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பியதும், பின்னாலேயே இவனும் கிளம்பினான். டிப்போ பக்கத்து டீக்கடையில், பெஞ்சில் உட்கார்ந்து, செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். டீ ஆறியது.

சகலையின் கடைக்கு எதிரே, மர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். டேப்பு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தன் கடைக்கு எதிர்ப்பக்கம் நிழல் கிடையாது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது; நாற்காலி என்று ஒன்றை யோசித்ததே இல்லை என்பதும். மனைவியின் வலது கை மெல்ல ஏறியது. ஏணியில் நின்ற சகலை பட்டையை ஏற்றினார். கை நின்றது. அவர் நின்றார். தன் வீட்டுக் கை, ஊரான் வீட்டு வேனை ஆட்டி வைப்பதைப் பார்க்கப் பார்க்க டேப்புவுக்குக் காது சூடானது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. சகலை ஏணியிலிருந்து இறங்கி, தெருவைக் கடந்து, அவள் பக்கத்தில் வந்து நின்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் பார்த்த திக்கிலேயே பார்த்தார். ஏதோ கேட்டார். அவள் சக்கரத்தைக் காட்டி, காற்றில் ஒரு வளைவு வரைந்து விளக்கினாள். அவர் தலையை ஆட்டினார். அவள் சிரித்தாள். இரண்டு பேரும் ஒரே கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிற்பு இருக்கிறதே, அவர்கள் கையைக் கோத்துக்கொண்டு நின்றிருந்தால்கூட டேப்பு இதைவிட நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான். சகலை தங்கமான மனுஷன், தப்பாக நினைக்க ஒன்றுமில்லை என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தப்பாக நினைக்க முடியாததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. சண்டை போட ஒரு காரணம்கூட இல்லாமல் போயிற்றே!

காரணம் இல்லாவிட்டால் என்ன, சண்டையை அவன் விடவில்லை. அவள் திரும்பி வந்து தட்டை வைத்ததும் ஆரம்பித்தான்.

"கண்ணு வலிக்கலையா?"

"எதுக்கு வலிக்கணும்?"

"இல்ல, ரெண்டு கடைக்கு வேலை செய்யுதே, அதான் கேட்டேன்."

அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டாள். மழுப்பவில்லை. "தெரிஞ்சுபோச்சா? நல்லது. மாமா ஒட்டினதெல்லாம் கோணலா போகுது, வந்தவங்க சண்டை போடறாங்கன்னு அக்கா அழுதா. மாமாவும் கூச்சப்பட்டுக்கிட்டே, 'ஒரு தடவை வந்து பாத்து சொல்றியாம்மா'ன்னு கேட்டாரு. போனேன். சொன்னா இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்கன்னுதான் சொல்லலை."

"அது என் தொழில் ரகசியம்."

"உங்களுதா? அதைக் கண்டுபிடிச்சது யாரு?"

"கண்டுபிடிச்சது என் கடையில. அந்தக் கண்ணு இத்தனை வருஷமா என் வேனைப் பாத்த கண்ணு. என் கண்ணு அது."

"உங்க கண்ணா?" என்றாள் அவள். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதில் அதிகம். "அது என் மூஞ்சில இல்ல இருக்கு?"

பதில் வராதவன் செய்வதைத்தான் டேப்பு செய்தான், குரலை உயர்த்தினான். "இனிமே நீ எனக்குப் பாக்கவே வேண்டாம். நானே பாத்துக்கறேன்!"

"சரிங்க" என்றாள். அவன் எதிர்பார்த்தது அதையல்ல.

வேளை பார்த்து வந்தது போல மறுநாளே தண்ணீர் கேன் கம்பெனி முதலாளி வந்தார். புதிதாக ஒரு வரிசை வேன் எடுத்திருக்கிறார். அத்தனைக்கும் எழுத்து ஒட்ட வேண்டும். வருஷம் முழுக்கப் பேசிக்கொள்ளலாம், அப்படிப்பட்ட வேலை. "உங்களைப் பத்தியும் நல்லா சொல்றாங்க, டிப்போ பின்னாடி இருக்கறவரைப் பத்தியும் நல்லா சொல்றாங்க. ஆளுக்கு ஒரு வண்டி தர்றேன். எது பாக்க நேரா இருக்கோ, மிச்ச வண்டியெல்லாம் அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு வேனை வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வரவில்லை. வேலை போனால் போகட்டும், சகலையிடம் போகக் கூடாது என்று டேப்பு பல்லைக் கடித்தான். அதைவிட, அவள் கண்ணோடு சகலை ஜெயித்து, அவள் இல்லாமல் தான் தோற்றால் அப்புறம் இந்த வீட்டில் எந்த மூஞ்சியோடு சாப்பிட உட்காருவது?

எழுத்தை வெட்டினான். எழுத்துகளின் இடுக்கில் இருந்த தேவையில்லாத துண்டுகளை ஊசியால் நோண்டி எடுத்தான். எழுத்துகள் கலையாமல் பிடித்துக்கொள்ளும் ஒட்டுக் காகிதத்தை மேலே ஒட்டி, வேன் மேல் டேப் போட்டுத் தொங்கவிட்டான். பழக்க தோஷத்தில் கையைத் தட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தானே தெருவைக் கடந்து ஓடினான். அங்கே நின்று பார்த்தால் பின்பக்கம் இறங்கியிருந்தது. ஓடிவந்து ஏற்றினான். மறுபடி ஓடிப்போய்ப் பார்த்தால் முன்பக்கம் இறங்கியிருந்தது. வேனிலிருந்து தெருவுக்கும் தெருவிலிருந்து வேனுக்கும் ஓடியதில் மூச்சு வாங்கியதே தவிர, கோடு பிடிபடவில்லை. எதிர்க் கடை மெக்கானிக், "என்ன டேப்பு, டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரா?" என்று கேட்டுச் சிரித்தான்.

கடைசியில் கண்ணை விட்டுவிட்டு ஸ்கேலை எடுத்தான். மடிப்புக் கோட்டுக்கு இணை, பின்சக்கரத்து எழுத்துக்கு நகக்கனம். அதுதானே சூத்திரம்? சகலைக்கு ஒரு நகக்கனம் என்றால் தனக்கு இரண்டாக இருக்கட்டுமே என்று பொறாமை காதில் ஓதியது. இரண்டு நகக்கனம் வைத்தான். சோப்புத் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் தகட்டால் அழுத்தித் தேய்த்து, காகிதத்தை உரித்தான். ஒட்டியாயிற்று.

தெருவைக் கடந்து போய்த் திரும்பிப் பார்த்தவன் அப்படியே நின்றான். இது சறுக்குக் கதவு வைத்த வேன். கதவு ஓடும் தண்டவாளம் பின்சக்கரத்துக்கு மேலே, கறுப்பாக, ஒரே நேராக ஓடியது. அதற்கு ஒரு சாண் கீழே அவன் எழுத்து வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. இந்த வண்டியில் சக்கரத்து வளைவைக் கண் பார்க்கவே இல்லை, தண்டவாளத்தைத்தான் பார்த்தது. குழந்தைகூடக் கோணல் என்று சொல்லிவிடும். அளவை மட்டும் திருடிக்கொண்டு வந்தவன் கதி அதுதான். அதிலும் தன் வீட்டிலிருந்தே திருடியவன்.

சூடான காற்று ஊதும் ஹீட் கன்னைப் பிடித்து எல்லாவற்றையும் உரித்தான். விரல் நுனியெல்லாம் பசை. புதிதாக வெட்டித் தொங்கவிட்டுவிட்டு, உள்ளே போய் அடுப்படி வாசலில் நின்றான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் தட்ட முடியாது என்பது அவனுக்குப் புரிந்திருந்தது. வாயால் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

"கொஞ்சம்... வந்து பாத்து சொல்றியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சந்தோஷப்பட்டாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. வெங்காயம் நறுக்குகிறவள் கண்ணில் எதைக் கண்டுபிடிப்பது? "இப்ப மாமா வண்டிக்குப் பாக்கறேன்னு சொல்லியிருக்கேனே. வாக்குக் குடுத்தாச்சு. நீங்க ஒண்ணு பண்ணுங்க, வண்டியை அங்கயே ஓட்டிட்டு வந்துடுங்க. ரெண்டையும் பாத்துடறேன்."

சகலை கடை வாசலில் போய் வரிசையில் நிற்பதா? வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஆசைதான். ஆனால் தொங்கவிட்ட எழுத்து காற்றில் பறக்காமல் நாலு பக்கமும் டேப் போட்டுக்கொண்டு, வண்டியை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனான். பக்கத்து சீட்டில் அவளும் வந்தாள்.

"வாங்க சகலை, வாங்க!" என்று சகலை வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார். இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். மனைவியின் அக்கா, "தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க" என்று தண்ணீர் கொடுத்தாள். அவர்கள் நல்லவர்களாக இருக்க இருக்க டேப்புவுக்கு எரிச்சல் கூடிக்கொண்டே போனது.

சகலை வண்டிதான் முதலில். அது முடிகிற வரை டேப்பு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் அவசரப்பட்டாளா, நிதானமாகப் பார்த்தாளா என்று கண்ணாடியில் கவனித்தான். நிதானமாகத்தான் பார்த்தாள். தன் முறை வந்தது. ஏற்றச் சொன்னாள், இறக்கச் சொன்னாள், நிறுத்தச் சொன்னாள். அப்புறம் டேப்பு ஒரு காரியம் செய்தான். தெருவைக் கடந்து போய் அவள் பக்கத்தில் நின்றான். அவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்த்தான். அந்த இடத்திலிருந்து தண்டவாளமும் மடிப்பும் அடி விளிம்பும் ஒன்றோடொன்று இழுபறி செய்வதும், நடுவில் எழுத்து யார் பக்கமும் சாயாமல் நிற்பதும் அவனுக்கும் கொஞ்சம் தெரிந்த மாதிரி இருந்தது. "தண்டவாளம் இருக்கறதால இதுல பின்னாடி தூக்கலை, பாத்தீங்களா?" என்றாள் மெதுவாக. அவனுக்கு நெஞ்சு இளகியது. அதற்குள் சகலையும் வந்து அவளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஓகோ, தண்டவாளத்தாலயா?" என்றார். இளகியது மறுபடி இறுகிவிட்டது.

தகவல் கிடைத்து முதலாளி அங்கே வந்தபோது இரண்டு வேன்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முன்னால் போய்ப் பார்த்தார், தள்ளிப் போய்ப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஆள் ஒட்டின மாதிரி இருக்கே!"

"ஒட்டினது ரெண்டு பேருங்க. பாத்தது ஒரே ஆளு" என்று சகலை அவளைக் காட்டினார். கொஞ்சம்கூட யோசிக்காமல் காட்டினார். முதலாளி டேப்பு பக்கம் திரும்பி, "உங்களுதையுமா?" என்றார்.

கண்ணுதாங்க எல்லாம் என்று பழைய பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்தில் அவள் நின்றாள். அவள் இவனைப் பார்க்கவில்லை, வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சகலை இவ்வளவு சுலபமாகச் சொன்னதை முதலில் சொல்லியிருக்க வேண்டியவன் தான் என்ற பொறாமையோடுதான் டேப்பு அதைச் சொன்னான். "ஆமாங்க. என்னுதையும்தான். எப்பவுமே அவதான் பாக்கறது."

"அப்ப எனக்குக் கவலை விட்டுது. எல்லா வண்டியையும் இந்தம்மா பொறுப்புல விட்டுடறேன். யாரை வச்சு ஒட்டறதுன்னு அவங்களே பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டாள். சகலை டேப்புவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவனும் குலுக்கினான், வேறு வழி?

வேனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் வேலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். எந்த வண்டியை முதலில் எடுப்பது, எங்கே நிறுத்தினால் நிழல் விழும் என்றெல்லாம். "நாளைக்கே ஆரம்பிச்சுடலாங்க. மாமாகிட்ட வர முடியுமான்னு கேட்டேன், வர்றேன்னு சொல்லிட்டாரு."

டேப்பு நடையைக் குறைத்தான். "அவர்கிட்ட கேட்ட. என்கிட்ட கேக்கலையே?"

"உங்ககிட்ட எதுக்குங்க கேக்கணும்?" என்றாள். குத்தலே இல்லை, நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. "நீங்க எப்படியும் வருவீங்கதானே?"

வர மாட்டேன் என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.